கறுக் மொறுக் மேட்டர்!

எங்க ஹாஸ்டலில் ஒரு குர்குரே பாக்கெட் பிரிச்சா, சத்தம் கேட்டே பத்து கை நீளும். உங்க ரூம்லயும் அதே கதைதானே பாஸ்?

1999-ல் வந்த இந்த அயிட்டத்தில் இருக்கிறது மக்காச்சோளம், அரிசி, கடலை மாவுதான். லேசா ஈரம் சேர்த்து, மெஷினுக்குள்ளே அழுத்தித் தள்ளுவாங்க. வெளியே வந்த நொடியில் தண்ணீர் ஆவியாகி, மாவு 'புஸ்'ஸுனு உப்பும். அப்புறம் எண்ணெய், மசாலா. அந்தக் குட்டிக் காற்றறைகள் உடையறதுதான் 'கறுக் மொறுக்'!

'தீ வெச்சா எரியுது, அப்போ பிளாஸ்டிக்'னு சொல்ற சீனியரை நம்பாதீங்க. மாவும் எண்ணெயும் இருந்தா முறுக்கும்தான் எரியும். பயப்பட வேண்டியது உப்புக்கும் எண்ணெய்க்கும்!

கொறிங்க, தப்பில்லை. ஆனா, மெஸ்ஸுக்கு மட்டம் போட்டு இதையே தினமும் டின்னராக்கினா, வயிறு அரியர் வைக்கும் பாஸ்!