பழைய லென்ஸும் நம்ம மலையும்

தம்பி, கொழும்பில் புது டெலி லென்ஸின் விலையைக் கேட்டுவிட்டு வந்து கமராவையே விற்கப் பார்க்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு எகிறியது. அதற்குப் பிறகு வெளிநாட்டுக் கண்ணாடி தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டாது என்பது உண்மைதான். அதற்காகக் கமராவை விற்காதே. ஓட்டோ போகஸ் வருவதற்கு முந்திய 135, 200 மில்லிமீற்றர் லென்ஸ்கள் யாருக்கும் வேண்டாமென்று பழைய கடைகளிலும் அலுமாரிகளிலும் கிடக்கின்றன. "கையால் திருப்பியா போகஸ் பண்ணப் போகிறாய்?" என்று விற்பவனே முகம் சுளிப்பான். அந்தச் சுளிப்புத்தான் உனக்கு விலைக்கழிவு.

ஆனால் எல்லாம் எல்லாவற்றிலும் பொருந்தாது. லென்ஸ் உட்காருகிற தட்டுக்கும் பிலிமுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீற்றர் என்று ஒவ்வொரு கம்பனியும் தனிக்கணக்கு வைத்திருந்தது. நிக்கோனுக்கு 46.5. திருகிப் பூட்டுகிற எம்42 லென்ஸுக்கு 45.46. உன் கெனன் ஈஓஎஸ்ஸுக்கு 44. பழைய நிக்கோன் லென்ஸையோ எம்42ஐயோ உன் கமராவில் மாட்டினால், மிச்ச இடைவெளியை ஒரு மெல்லிய அடப்டர் வளையம் அடைத்துவிடும். அதே எம்42ஐ நிக்கோன் டிஜிட்டல் எஸ்எல்ஆரில் மாட்டினால் கண்ணாடி ஒரு மில்லிமீற்றர் முன்தள்ளி நிற்கும். கிட்டத்துப் பூ தெளியும், தூரத்துச் சிவனொளிபாதமலை எவ்வளவு திருப்பினாலும் தெளியாது. சோனி மிரர்லெஸ் கமராவில் இந்தக் கணக்கு 18தான் என்பதால் அதில் ஏறக்குறைய எந்தப் பழைய லென்ஸும் ஏறும். நடுவே வெற்றுக் குழாய் ஒன்று போதும். சில கமராக்கள் "லென்ஸே இல்லை" என்று அடம்பிடிக்கும். மெனுவில் அதற்கு ஓர் அனுமதி இருக்கிறது, தேடி எடு.

காசை நீட்டுமுன் எபர்ச்சரை முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து போன் டோர்ச்சை அடித்து உள்ளே பார். கிளைவிட்ட மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கே பூஞ்சணத்துக்கு நாம் சோறு போட வேண்டியதில்லை. அது விடுகிற அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் எந்தத் துணியாலும் துடைத்தெடுக்க முடியாது. தோல் பையில் வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை. நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம்; சூடாக்கினால் பழையபடி நீலமாகும். அம்மாவின் சமையல் சட்டியில் மட்டும் சூடாக்காதே, அந்த நீலத்தில் நஞ்சு இருக்கிறது.

பொருந்தாததைப் பொருத்துவது இன்றைக்கு வந்த பித்து அல்ல. நாவலாசிரியர் மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) தமிழிலும் ஆங்கிலத்திலும் இயற்கையைப் பற்றி எழுதியவர். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியைச் சாகும்வரை நிறுத்தவில்லை. காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஒரு கமராவின் உடம்பு, வேறொன்றின் டெலி லென்ஸ் என்று தானே ஒட்டிச் சேர்த்த பாரமான யந்திரம் அவருடையது. அதற்கு 'சூப்பர் பொண்டரோசா' என்று கேலியாகப் பெயரும் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானைக்குப் பின்னால் ஓடவா முடியும்? யானை என்ன செய்யும் என்பது முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் படம்.

உனக்கும் அதுதான் வேலை. 200 மில்லிமீற்றரில், எபர்ச்சர் நாலில், பத்து மீற்றர் தூரத்துக் கிளையைப் பார்த்தால் தெளிவாக விழுகிற ஆழம் நாற்பது சென்டிமீற்றர்தான். ஐந்து மீற்றருக்கு வந்தால் பத்து. பறக்கிற குருவிக்குப் பின்னால் வளையத்தைத் திருப்பிக்கொண்டே போனால் நாள் முழுக்க வால்தான் கிடைக்கும். வந்து உட்காரப் போகிற கிளையில் முதலே போகஸை வைத்துவிட்டுக் காத்திரு. திரையில் பெரிதாக்கி, கிளையின் பட்டை வெடிப்புத் தெரிகிறதா என்று பார். ஓரங்களில் நிறக்கோடு காட்டுகிற வசதியை மட்டும் நம்பாதே, அது தாராளமாகப் பொய் சொல்லும். உன் கமராவில் 200 ஏறக்குறைய 320ஆக வேலை செய்யும். ஷட்டர் 1/320 செக்கனுக்குக் கீழே போனால் கைநடுக்கம் படத்தில் ஏறிவிடும். இறப்பர் மரத்தடி இருட்டு. ஐஎஸ்ஓவை 1600, 3200 என்று கூட்டத் தயங்காதே. வெள்ளை வானத்துக்கு எதிரே இலைகளின் ஓரத்தில் ஊதாக்கோடு விழுந்தால் எபர்ச்சரை 5.6க்குச் சுருக்கு.

எந்தக் கிளை என்று கேட்பாய். அது கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் கேள்வி. ஒரு காலைப்பொழுதுக்குச் சிங்கராஜாவுக்கு வருகிறார்கள், அட்டை கடிக்கிறது, மழை வருகிறது, மத்தியானம் வேன் திரும்புகிறது. அவர்களுக்கு வேகமான லென்ஸ் தேவைதான். நீ முள்முருக்கு எப்போது சிவக்கும் என்று தெரிந்தவன். பூத்ததும் சிவந்த தலையுள்ள குட்டிக்கிளி தலைகீழாகத் தொங்க வரும், சின்னான் வரும், அவற்றை விரட்ட இன்னொன்று வரும். பால்வெட்டுக்குப் போகிற உன் அப்பாவைக் கேள், குக்குறுவான் எந்தப் பட்ட மரத்தில் பொந்து குடைகிறது என்று சொல்வார். இறக்குவானைப் பக்கம் காட்டோரத்தில் இருக்கிற பிள்ளைகளுக்குக் கெஹிபெல்லாப் பறவை கூட்டமாக எந்த வழியே வரும் என்பதுகூடத் தெரிந்திருக்கும். எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் அப்படித்தான். இந்த அறிவை யாரும் விற்பதில்லை. அதனால் நம்மிடம் இருப்பது நமக்கே தெரிவதில்லை. கூட்டைக் கலைத்துப் படம் எடுக்கிறவன் மட்டும் என்னிடம் வரவேண்டாம்.

இன்னொன்று. ரோட்டோரம் வேனை நிறுத்தி, நீளக் குழாயை நீட்டி, கொழுந்து பறிக்கிற நம் பெண்களை எடுக்கிறார்களே, அதை நீ செய்யாதே. கிட்டப் போக முடியாததற்குத்தான் டெலி. உன் பெரியம்மாவிடம் நடந்து போகலாம்.

நான் இரத்தினபுரி டவுனில் ஸ்டூடியோ வேலை பழகியபோது, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா போகிறவர்கள் பாஸ்போட் படத்துக்கு வரிசையில் நிற்பார்கள். 1964இல் அந்தக் கணக்கு 525,000 பேர் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். எங்களுக்கு 120 பிலிமில் 12 படம். ஓர் ஆளுக்கு ஒன்று, கண் மூடினால் இரண்டாவது. ஆகவே அடிப்பதற்கு முன் ஆளைப் பார்ப்போம், பேர் கேட்போம், எந்தத் தோட்டம் என்று கேட்போம். இங்கேயே தங்குகிற அண்ணன் தம்பிகளுக்குக் கொடுக்க இன்னொரு பிரதி கேட்பார்கள். பாஸ்போட்டுக்கு எடுத்த முகம்தான் பல வீடுகளில் கடைசிப் படம்.

நீயும் நிறுவை முடிந்து கொழுந்துச் சாக்கு லொறி ஏறிய பிறகு பெரியம்மாவிடம் போ. டெலியைக் கழற்றிவிட்டு 50 மில்லிமீற்றரைப் போட்டுக்கொள். "இந்தக் கோலத்திலயாடா?" என்பார்கள். முகம் கழுவிச் சேலை மாற்றி வரும்வரை நில். எடுத்ததைப் போனில் அனுப்பியதோடு விடாமல், பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடு. லயத்தில் கூரை ஒழுகாத பக்கத்துச் சுவராகப் பார்த்து மாட்டச் சொல்.