சாமந்திக்கு இருட்டும் வேண்டும்!

செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இருட்டும் வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர் அம்மா.

அம்மா ஓசூர் பக்கம் ஒரு பசுமைக்குடிலில் 12 வருடம் வேலை பார்த்தவர். அப்பா போன பிறகு என்னோடு சென்னைக்கு வந்துவிட்டார். எங்கள் ஃபிளாட்டில் மூன்று பக்கமும் பக்கத்துக் கட்டடச் சுவர்கள்தான். வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. "பூவே இல்லாத வீட்டுல எப்படி இருக்கறது கண்ணு?" என்றவர், நர்சரியிலிருந்து மூன்று சாமந்தி நாற்று வாங்கி வந்தார். நான் எல்.இ.டி குரோ லைட்டும் டைமர் பிளக்கும் வாங்கினேன்.

முதல் கேள்வி, லைட்டை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? நம் கண்ணை நம்ப முடியாது. உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். டியூப் லைட் எரியும் ஹாலில் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். ஆனால், கண்ணுக்கு இரண்டுமே 'நல்ல வெளிச்சம்'தான்! விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால், செடிக்குக் கிடைக்கும் வெளிச்சம் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். அம்மாவிடம் கணக்கெல்லாம் கிடையாது. "தண்டு மெலிஞ்சு நீண்டுச்சுன்னா லைட்டை இறக்கு. இலை வெளுத்துச்சுன்னா ஏத்து." அவ்வளவுதான்.

அடுத்தது நேரம். முதல் ஆறு வாரம் தினமும் 16 மணி நேரம் வெளிச்சம். "செடி தழைக்கட்டும். இப்பவே பூத்தா ஒத்தப் பூவோட நின்னுடும்." அதன் பிறகு டைமரை காலை 7 முதல் மாலை 6 வரை என்று மாற்றச் சொன்னார். மீதி 13 மணி நேரம் முழு இருட்டு.

அங்கேதான் சிக்கல். டிஜிட்டல் டெஸ்க்கில் என் ஷிஃப்ட் மாலை 5 முதல் இரவு 1 வரை. வேலை வீட்டிலிருந்தே. மேஜை இருப்பதும் ஹாலில்தான், செடிகள் இருப்பதும் ஹாலில்தான். அம்மா தினமும் 6 மணிக்குச் செடிகள் மேல் கறுப்புத் துணியைப் போர்த்த ஆரம்பித்தார். "நடு ராத்திரி கொஞ்ச நேரம் லைட் பட்டாலும், இன்னும் ராத்திரி நீளலன்னு நெனச்சுக்கும்."

ரிப்போர்ட்டர் புத்தி சும்மா இருக்குமா? தேடிப் பார்த்தேன். அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அல்லார்டு இருவரும், பகலின் நீளத்தைப் பொறுத்தே சில செடிகள் பூக்கின்றன என்று 1920-ல் எழுதினார்கள். செடி அளப்பது உண்மையில் பகலை அல்ல, இடைவெளியில்லாத இரவை என்று பின்னர் தெரியவந்தது. இலையில் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்ற நிறமிதான் இதற்கு உதவுகிறது. சாமந்திக் குடில்களில் நள்ளிரவில் பல்பு எரியவிட்டு, பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதே கணக்கில்தான். அம்மா பல வருடம் அந்த ஸ்விட்சைப் போட்டவர்!

ஒருநாள் இரவு 2 மணிக்கு நான் மொபைலைப் பார்த்தபடி படுத்திருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா கேட்டார், "செடிக்கு நான் போத்திவிட்டேன். உனக்கு யாரு போத்தறது?"

என்னிடம் பதில் இல்லை. எட்டு மாதமாக விடியற்காலை 4 மணிக்கு முன் தூங்கியதில்லை. எந்நேரமும் தலைவலி. மனித உடம்புக்குள்ளும் இரவு பகலை அனுசரித்து ஓடும் கடிகாரம் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காக மூன்று பேருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தச் செய்தியை இப்போது நான் படித்ததும் ராத்திரி ஷிஃப்ட்டில்தான்.

ஷிஃப்ட் மாற்றிக் கேட்கத் தயக்கம். நைட் அலவன்ஸ் போய்விடும். எங்கள் கரன்ட் பில்லும் கேஸும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. "ரெண்டு பேருக்கு எவ்வளவு ஆகிடப்போகுது? நீ கேளு" என்றார் அம்மா. கேட்டேன். மாதத்தில் இரண்டு வாரம் காலை ஷிஃப்ட் கிடைத்திருக்கிறது. அந்த இரண்டு வாரமும் 11 மணிக்கு ஹால் விளக்கு அணைந்துவிடுகிறது. தலைவலி குறைந்திருக்கிறது, பர்ஸும் கொஞ்சம் இளைத்திருக்கிறது.

துணி போர்த்திய ஐந்தாவது வாரத்தில் ஏழு மொட்டுகள் தெரிந்தன. விரிய இன்னும் சில வாரம் ஆகும் என்கிறார் அம்மா.

உங்கள் வீட்டுச் சாமந்தி இலையாகவே நிற்கிறதா? உரம் வாங்கும் முன், ராத்திரியில் ஒருமுறை எழுந்து பாருங்கள். தெருவிளக்கோ, வராந்தா பல்போ அதன் மேல் விழுந்துகொண்டிருக்கலாம்.