நெல்லிக்காய் அளவு

சுக்கு, மிளகு, அரிசித்திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, வால்மிளகு, ஓமம், சாதிக்காய் என்று ஆச்சி ஒரே மூச்சில் சொல்ல, நானும் திருப்பிச் சொல்லிக்கொண்டே தெருவில் இறங்கினேன். எட்டு வயது எனக்கு. எழுதிக்கொண்டு போகலாம்தான்; ஆனால் எட்டுப் பெயரை மனசில் வைக்க முடியாதவளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்பது ஆச்சியின் கட்சி. தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். வாய்க்கால் பாலத்தில் யாராவது, "ஏட்டி, எங்க ஓடுத?" என்று கேட்டுவிட்டால் போச்சு, வால்மிளகு எங்கேயோ நழுவிவிடும். மறுபடி சுக்கிலிருந்து தொடங்குவேன்.

நாட்டு மருந்துக் கடைத் தாத்தா மர இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுக்க இழுக்க, மூக்குக்குள் ஒரு காரம் ஏறும், அதற்குப் பின்னால் ஒரு மண்வாசனை, அதற்கும் பின்னால் ஒரு இனிப்பு. அரிசித்திப்பிலி சின்னக் கதிர் மாதிரி இருக்கும். கண்டந்திப்பிலி அந்தச் செடியின் வேர். வால்மிளகுக்கு நிஜமாகவே ஒரு வால் உண்டு. அதைக் கிள்ளிப் பார்க்காமல் நான் ஒருநாளும் வீடு வந்ததில்லை. பட்டியலைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே தாத்தா, "வீட்ல யாருக்கு பேறுகாலம்?" என்று கேட்டுவிட்டார். சித்திக்கு என்றேன், ஏதோ நானே பெறப்போகிற பெருமையோடு.

பெறுவதற்கு முன்னால் ஆச்சி எதுவும் கொடுக்க மாட்டாள். "வயித்துல பிள்ளை கெடக்கையில என் டப்பாவுக்கு வேலை கெடையாது" என்பாள். உதிரப்போக்கு நிற்கவில்லை, அசோகப்பட்டைக் கஷாயம் வேண்டும் என்று அடுத்த தெருவிலிருந்து ஒருத்தி வந்து நின்றபோது, அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுக்கு கஷாயம் காணாது, வண்டி கட்டு" என்று பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியவள் ஆச்சி. மருந்து தெரிந்தவள் என்று நான் அவளை இன்றைக்கும் சொல்வது அதனால்தான்.

சித்தி பெண் குழந்தையோடு வீட்டுக்கு வந்த மறுநாள் லேகியம் கிண்டினார்கள். ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே வறுத்து, இரும்பு உரலில் இடித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சலித்து எடுத்தால், திண்ணையில் படுத்திருக்கும் எங்கள் தாத்தாவரைக்கும் தும்மல் போகும். உடன்குடிக் கருப்பட்டியை நொறுக்கி, கரைத்து, மண் போக வடிகட்டி, உருளியில் பாகு காய்ச்சி, பொடியைத் தூவித் தூவிக் கிளறும்போது ஆச்சி பேச மாட்டாள். நல்லெண்ணெயும் நெய்யும் மாறி மாறி விழ, கருகருவென்று மினுங்கி, சட்டுவத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும். ஒரு துளி எடுத்து உருட்டிப் பார்ப்பாள். விரலில் ஒட்டவில்லையென்றால் இறக்கிவிடலாம். பரணியில் அடைத்து, துணியால் வாய் கட்டி வைத்ததில் தினமும் காலையில் வெறும் வயிற்றில் சித்திக்கு நெல்லிக்காய் அளவு. பக்கத்தில் சும்மா நிற்கிற எனக்குச் சுண்டைக்காய் அளவு.

சித்தியின் உள்ளறை வேறொரு ஊர் மாதிரி இருந்தது. நொச்சியும் புளிய இலையும் போட்டுக் கொதித்த வெந்நீரின் பச்சை வாடை, தலை உலர்த்தப் போட்ட சாம்பிராணிப் புகை, பாலும் பூண்டும் கலந்த மணம், மத்தியானம் பால்சுறாப் புட்டு. நாற்பது நாள் அவள் குனிந்து ஒரு குடம் தூக்கவில்லை, அடுப்படிப் பக்கம் வரவில்லை.

தண்ணீர் மட்டும் கொடுக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணி குடித்தால் வயிறு ஊதும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று, ஒரு நாளைக்கு இரண்டு மிடறு வெந்நீர்தான். லேகியத்தின் காரத்துக்குச் சித்தியின் உதடு வெடித்திருந்தது. "ஒரு வாய் தண்ணி கொண்டாடி" என்று கெஞ்சினாள். மண்பானையிலிருந்து செம்பு நிறைய மொண்டு, பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். அவள் குடித்த சத்தம், அந்த மடக் மடக், எனக்கு இன்னும் கேட்கிறது. நனைந்த பாவாடை என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. முதுகில் ஒன்று விழுந்தது.

பிள்ளையைப் பார்க்க வந்த நர்சம்மாவிடம் நான் அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. "ஆச்சி, லேகியம் குடுங்க. ஆனா பால் குடுக்கவளுக்குத்தான் தண்ணி கூடுதலா வேணும்" என்றார். ஆச்சி வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் சித்தியின் தலைமாட்டில் பெரிய செம்பு நிறையச் சீரக வெந்நீர், மேலே தம்ளர் கவிழ்த்து, இருந்தது. சாயங்காலமும் இருந்தது.

அதே நாட்களில் ஒரு ராத்திரி ஆச்சியின் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது, "உனக்கு யாரு ஆச்சி லேகியம் கிண்டுனா?" என்று கேட்டேன்.

"மூத்தவனுக்கு எங்கம்மை கிண்டித் தந்தா. பொறவு அவ போய்ட்டா. மத்த அஞ்சுக்கும் ஆரு இருந்தா? நடவு நேரம்னா பதினாறாம் நாளே வயல்ல எறங்கியாச்சு. இன்னும் கொஞ்சம் கீழ தேய்."

அவள் கொல்லைப்புறத்தில் சித்தியின் துணிகளைக்கூட வேறு யாரையும் அலசவிடாமல் தானே அலசியது ஏன் என்று எனக்குப் புரிய, நான் பிள்ளை பெற வேண்டியிருந்தது.

அன்று பிறந்த சித்தி மகளுக்கு 2015 கடந்து பேறுகாலம் வந்தது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அரசு கொடுக்கத் தொடங்கியிருந்த மகப்பேறு சஞ்சீவிப் பெட்டகம் அவளிடம் இருந்தது. பதினொரு சித்த மருந்துகள். கர்ப்ப காலத்துக்கு மாதுளை மணப்பாகு, ஏலாதி சூரணம் என்று தனியே. பெற்ற பிறகு, பால் சுரக்கத் தண்ணீர்விட்டான் கிழங்கில் செய்த சதாவேரி லேகியம், அப்புறம் சௌபாக்கிய சுண்டி லேகியம். சுண்டி என்றால் சுக்குதான். ஆச்சியின் பட்டியலில் முதலில் நின்ற அதே சுக்கு.

அந்த லேகியத்தின் மூடியைத் திறந்ததும் சித்தி, அவள் மகள், நான் மூவரும் ஒன்றாக முகர்ந்தோம். கருப்பட்டி வாசனைதான் குறைவு. சித்தி, இப்போது அவளும் ஆச்சிதான், கரண்டியை வாங்கி நெல்லிக்காய் அளவு உருட்டி மகள் வாயில் வைத்தாள். தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள். பிறகு, நான் கேட்காமலே, சுண்டைக்காய் அளவு எடுத்து என் பக்கம் கையை நீட்டினாள்.