மழைக்கும் ஆற்றுக்கும் இடையில்

மழை கொட்டி ஓய்ந்த பிறகு ஏரிக்கரைக்கு வந்து நிற்கிறவர்கள் வானத்தைப் பார்ப்பதில்லை, கலங்கைப் பார்க்கிறார்கள். மழை விட்டு வெகு நேரமாகி, வெயில்கூடத் தலைகாட்டியிருக்கும். கலங்கில் வழியும் தண்ணீரோ அப்போதுதான் ஏறிக்கொண்டிருக்கும். காட்டில் விழுந்தது ஓடைக்கு வர வேண்டும். ஓடை மேலேரியை நிரப்ப வேண்டும். மேலேரி நிரம்பிக் கீழேரிக்கு விட வேண்டும். மண் குடித்தது போக, பள்ளத்தில் தேங்கியது போக, மிச்சம்தான் ஆறு. எவ்வளவு மழைக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம் கழித்து? அணை கட்டுகிறவருக்கும் பாலம் போடுகிறவருக்கும் வெள்ள எச்சரிக்கை கொடுக்கிறவருக்கும் இந்தக் கேள்விக்கு விடை வேண்டும்.

கரூர் வட்டாரத்து வாங்கலாம்பாளையத்தில் 1929இல் பிறந்த வா.செ. குழந்தைசாமி தன் அறிவியல் வாழ்க்கையைத் தொடங்கியது இந்தக் கேள்வியில்தான். பின்னாளில் மூன்று பல்கலைக்கழகங்களுக்குத் துணைவேந்தரானவர், சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், எழுத்துச் சீர்திருத்தத்துக்காக வாதாடியவர் என்றெல்லாம் அவரைத் தமிழர்கள் அறிவார்கள். நீரியல் அறிஞராக அறிந்தவர்கள் குறைவு. அது வருத்தத்துக்குரியது. பிந்தைய குழந்தைசாமியைப் புரிந்துகொள்ள முந்தையவரிடமிருந்தே தொடங்க வேண்டும்.

கட்டடப் பொறியியல் படித்து, காரக்பூர் ஐஐடியில் எம்.டெக். முடித்தார். ஹிஜ்லியில் விடுதலைப் போராட்டக் கைதிகளை அடைத்து வைத்த முகாமில் 1951இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சென்று 1964இல் முனைவர் பட்டம் பெற்றார். சீனாவில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியரான வென் தே சௌ அப்போது அங்கே இருந்தார். பயன்பாட்டு நீரியலுக்கு அவர் தொகுத்த பெரிய கையேடு வெளிவந்ததும் அதே 1964இல்தான். நீரியல் அனுபவக் கணக்கிலிருந்து கணித முறைக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது.

அதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது? 1932இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'யூனிட் ஹைட்ரோகிராஃப்' என்ற எளிய கருவியைக் கொடுத்தார். நிலத்தில் ஊறியது போக எஞ்சும் ஒரு அலகு மழை, ஒரு வடிநிலத்தில் எப்படி ஆறாக வெளியேறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால், இரண்டு அலகு மழைக்கு அதை இரட்டித்துக்கொள்ளலாம். பொறியாளர்களுக்கு இது பெரிய வரம். இன்றும் வகுப்பறைகளில் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். 1957இல் நாஷ் என்பவர் வடிநிலத்தை ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த நீர்த்தேக்கங்களின் வரிசையாகக் கற்பனை செய்தார். நம் ஊர் ஏரிச் சங்கிலியைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும்.

ஆனால் உண்மையான வடிநிலம் இவ்வளவு பணிவாக நடந்துகொள்வதில்லை. மழை இரட்டித்தால் வெள்ளத்தின் உச்சம் இரட்டிப்புக்கும் மேலே போகலாம். காரணம் நடுவில் தேங்கும் தண்ணீர். அந்தத் தேக்கம் எதைப் பொறுத்து மாறுகிறது என்பதைத்தான் குழந்தைசாமியின் ஆய்வு துருவியது. வெளியேறும் தண்ணீரின் அளவு, அது மாறும் வேகம், உள்ளே வரும் மழை, அது மாறும் வேகம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பொதுச் சமன்பாடாக அவர் எழுதினார். அதுவரை வந்திருந்த எளிய முறைகள் பலவும் அதன் தனிவகைகளாக அடங்கிவிட்டன. 1967இல் ஃபோர்ட் காலின்ஸில் நடந்த பன்னாட்டு நீரியல் கருத்தரங்குக்குச் சக ஆய்வாளர் ஒருவருடன் அவர் எழுதிய கட்டுரையின் பொருளும் மழைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள இந்த நேர்விகிதமற்ற உறவுதான். சௌவும் அவரும் சேர்ந்து எழுதிய 'பொது நீரியல் அமைப்பு மாதிரி' 1971இல் அமெரிக்கக் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது.

அந்த நிலையில் இருந்த ஒருவர் ஆய்வகத்தை விட்டு ஏன் நிர்வாகத்துக்குப் போக வேண்டும்?

நம் நாட்டில் இதை யாரும் கேட்பதில்லை. நல்ல ஆசிரியர் துறைத் தலைவராவார், துறைத் தலைவர் முதல்வராவார், அடுத்தது துணைவேந்தர் என்று ஏணிப்படி போலவே பேசுகிறோம். ஆனால் பேராசிரியரின் நாளும் துணைவேந்தரின் நாளும் ஒன்றல்ல. சிண்டிகேட் கூட்டம், நிதிக் குழு, விடுதிப் பிரச்சினை, செயலகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே போய்வரும் கோப்புகள் என்று ஒரு நாள் முழுவதும் கரைந்துபோகும். சமன்பாட்டை எழுதிப் பார்க்கத் தாளும் தனிமையும் வேண்டும். அந்த நாற்காலியில் இரண்டுமே அரிது. அறிவியலுக்கு அதனால் ஏற்படும் இழப்பு மெய்யானது, எத்தனை விருதுகள் வந்தாலும் அதற்கு ஈடாகாது. இழந்ததற்கு ஈடாக அந்த அறிவியலின் பழக்கம் நிர்வாகத்துக்குள் வந்து சேர்ந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கிண்டி பொறியியல் கல்லூரிப் பேராசிரியர், தமிழ்நாட்டின் தொழில்நுட்பக் கல்வி இயக்குநர், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் துணைவேந்தர் என்று அவர் பயணம் நகர்ந்தது. 1981இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் அங்கே இருந்தார். அந்தப் பல்கலைக்கழகம் அப்போது இன்றைய உருவத்தில் இல்லை. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிக் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கட்டடக்கலைப் பள்ளி என்ற நான்கை இணைத்து 1978இல்தான் அது உருவாகியிருந்தது. நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகள் 2001க்குப் பிறகு வந்தவை. ஆகவே 1980களில் அது சிறிய, இறுக்கமான நிறுவனம். ஆனாலும் அந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெருமை, தனி வழக்கம், தன் பழைய மாணவர்களின் தனி அன்பு. ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே வந்துவிட்டதால் மட்டும் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரு குடும்பமாகிவிட மாட்டார்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அப்போது தேவைப்பட்டது அவசரப்படாத ஒருவர். ஒன்பது ஆண்டு என்பது மூன்று பதவிக்காலம்.

அந்த ஆண்டுகளில் கிண்டியில் இடம் கிடைப்பது மாநிலத்திலேயே மிகக் குறுகலான வாசலில் நுழைவதற்குச் சமம். 1984இல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வும் வந்து சேர்ந்தது. அந்த வாசலைக் காத்தவர் 1990இல் டெல்லி சென்று, நாட்டிலேயே மிக அகலமான வாசலின் பொறுப்பை ஏற்றார். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985இல் நாடாளுமன்றச் சட்டத்தால் பிறந்தது. கல்லூரிக்குள் கால் வைக்காமலே படிக்கலாம். பாடம் அச்சில் வரும். ஐயம் கேட்கப் பயில் மையம் இருக்கும். 1991 முதல் தூர்தர்ஷனிலும் அதன் பாடங்கள் ஒளிபரப்பாயின. நாட்டின் தொலைநிலைக் கல்வியை நெறிப்படுத்தும் குழுவும் அதே 1991இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் அமைந்தது. 1993இல் காமன்வெல்த் நாடுகளின் கல்வி அமைப்பு அதைச் சிறப்பு மையமாக அறிவித்தது. குழந்தைசாமி 1994 வரை அங்கே இருந்தார்.

சமையலறையில் அடுப்பு அணைந்த பிறகு பாடநூலைத் திறக்கும் பெண்ணையும், இரவுப் பணிக்கு நடுவே தேர்வுக்குப் படிக்கும் காவலரையும் எண்ணிப் பார்த்தால் அந்த வேலையின் எடை புரியும். மழை எல்லா இடத்திலும் பெய்கிறது, ஆற்றுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். நடுவில் எது எங்கே தேங்கி நிற்கிறது என்று கேட்டுப் பழகிய மனம், படிக்க முடியாமல் நின்றுபோனவர்களைப் பார்த்தும் அதையே கேட்கும். இந்த உவமை அவர் சொன்னதல்ல. அவர் கடந்த வழியைச் சேர்த்துப் பார்க்கும்போது இந்தக் கட்டுரைக்குத் தோன்றுவது.

தமிழ் அவருக்கு ஓய்வு நேரப் பொழுதுபோக்கு அல்ல. குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதினார். திருக்குறள் பற்றிய 'வாழும் வள்ளுவம்' 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றபோது அவர் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவரை அதிகம் சோதித்தது கவிதையல்ல, எழுத்து. பெரியார் 1935இல் முன்வைத்த சில எழுத்து வடிவ மாற்றங்களை 1978இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்று ஆணையிட்டது. இன்று நாம் சாதாரணமாக எழுதும் 'லை', 'னை', 'ணா', 'றா' எல்லாம் அப்போது அரசு வழக்குக்கு வந்த வடிவங்கள். குழந்தைசாமி அத்துடன் நிற்கவில்லை. இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளையும் சீராக்க வேண்டும் என்றார். 18 மெய்யோடு இந்த நான்கு உயிர்களும் சேர்ந்தால் 72 எழுத்துகள். அதிலும் உகர வரிசையைப் பாருங்கள்: கு, சு, டு, து, ரு என்று ஒவ்வொன்றும் வெவ்வேறாக வளைகிறது. ஆகாரத்துக்குக் கால் போடுவதுபோல உகரத்துக்கும் தனிக் குறி இருந்தால் குழந்தை சுமக்கும் பாரம் குறையும் என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி விவாதம் மீண்டும் சூடுபிடித்தது. அச்சில் இருக்கும் நூல்களெல்லாம் அடுத்த தலைமுறைக்கு அந்நியமாகிவிடும் என்றார்கள். கணினி எந்த வளைவையும் எளிதாக வரைந்துவிடும்போது மாற்றம் எதற்கு என்றார்கள். இரண்டுமே வலுவான மறுப்புகள்; கோடிக்கணக்கானோர் கையில் பழகிப்போன எழுத்தை மாற்றக் கணக்கு மட்டும் போதாது. ஆனாலும் முதல் வகுப்புப் பிள்ளையின் பலகையிலிருந்து அந்தப் பிரச்சினையை அவர் பார்த்தார் என்பதை மறுக்க முடியாது. மாற்றம் நடக்கவில்லை. கு இன்னும் கு-வாகவே இருக்கிறது.

இன்னொரு வாசல் திறந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் கருவாகி, 2001இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்கு அவர் நிறுவனத் தலைவரானார். தாத்தா பாட்டியோடு தமிழில் பேசினாலும் அந்த மொழியை எழுதப் படிக்கத் தெரியாமல் வளரும் அயல்நாட்டுப் பிள்ளைகளுக்கும் பாடம், சங்க இலக்கியம் முதல் அகராதி வரை நூலகம் என்று அது வளர்ந்தது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. பழைய நூலைத் தேடி நள்ளிரவில் அந்த நூலகத்தைத் திறக்கும் எத்தனையோ பேருக்கு அதன் பின்னால் ஒரு நீரியல் பேராசிரியர் இருந்தது தெரியாது.

1992இல் பத்மஸ்ரீ, 2002இல் பத்மபூஷண். 2016 டிசம்பர் 10 அன்று 87 வயதில் காலமானார். இரங்கல் செய்திகளில் துணைவேந்தர் என்ற சொல்தான் முன்னால் நின்றது.

வெள்ளக் கணக்கு படிக்கும் முதுநிலை மாணவர் ஒருவர், யூனிட் ஹைட்ரோகிராஃபைக் கடந்து நேர்விகிதம் உடைகிற அத்தியாயத்துக்கு வரும்போது, தேக்கச் சமன்பாட்டின் பக்கத்தில் அந்தப் பெயரைப் பார்க்கிறார். பட்டங்கள் இல்லை, பதவிகள் இல்லை. ஒரு பெயரும் ஓர் ஆண்டும் மட்டும்: குழந்தைசாமி, 1964.