முன்னாடி புதுசு, பின்னாடி பழசு

வீட்டில் நிற்கும் சைக்கிளை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். முன் டயரும் பின் டயரும் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். கடையில் அப்படித்தான் மாட்டித் தருகிறார்கள், நாமும் அப்படியே ஓட்டுகிறோம். ரெண்டும் உருளத்தானே போகிறது, இதில் என்ன வித்தியாசம் என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வித்தியாசம் இருக்கு என்று எனக்கு உறைக்க, என் பையனின் கை உடைய வேண்டியிருந்தது.

சொல்கிறேன். அதற்கு முன்னால் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

எனக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம். தெருமுனையில் ஒரு சைக்கிள் கடை. வாடகை சைக்கிள், பஞ்சர், ஓவராலிங் எல்லாம் அங்கேதான். அப்பாவின் சைக்கிளில் எப்போதும் பின் டயர்தான் முதலில் தேயும். நூல் தெரிய ஆரம்பித்ததும் அப்பா ஒரே ஒரு புது டயர் வாங்கி என்னிடம் கொடுத்து அனுப்புவார். கடை அண்ணாச்சி தேய்ந்த பின் டயரைக் கழற்றித் தூரப் போடுவார். அப்புறம் முன் டயரையும் கழற்றி அதைப் பின்னாடி மாட்டுவார். புதுசு முன்னாடி போகும்.

"தேஞ்சது பின்னாடிதான அண்ணாச்சி, புதுச எதுக்கு முன்னாடி போடுதீங்க?" என்று கேட்டேன்.

"முன்னாடி புதுசு, பின்னாடி பழசு. அவ்வளவுதாம்ல."

காரணம் எதுவும் சொல்லவில்லை. ரெண்டு டயர் கழற்றினால் ரெண்டு கூலி, அதுதான் விஷயம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பி.காம். படிக்கப் போகிறவன் புத்தி அப்பவே அப்படி :-)

இனி பெங்களூரு. நாங்கள் இருப்பது ஜே.பி. நகரில். பையனுக்கு மலைச் சைக்கிள் மேல் ஆசை வந்து, ஒரு பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தேன். 27.5 அங்குல சக்கரம், 2.1 அங்குல அகல டயர், முன்னும் பின்னும் ஒரே பட்டன். எனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கிளம்பி, கனகபுரா ரோட்டில் அப்போது எழும்பிக்கொண்டிருந்த மெட்ரோ தூண்களை ஒட்டி மிதித்து, துரஹள்ளி காட்டுக்குப் போவோம். நகரத்தின் தெற்கு விளிம்பில் இருக்கிற சின்னக் காடு. செம்மண், பாறை, நீலகிரி மரங்கள். பாறை ஏறுகிறவர்களும் வருவார்கள், சைக்கிள்காரர்களும் வருவார்கள். 2021-ல் அங்கே மரப்பூங்கா அமைக்க வனத்துறை முயன்றபோது, காட்டைக் காடாகவே விடுங்கள் என்று சுற்றுவட்டார மக்கள் எதிர்த்து நின்றார்கள். (நீங்கள் போவதாக இருந்தால் சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று வனத்துறையில் கேட்டுவிட்டுப் போங்கள்.)

2018 கடைசியில் பையனின் பின் டயர் மொட்டையாகிவிட்டது. தேயாமல் என்ன செய்யும்? உட்காருகிறவரின் எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான். செயின் இழுப்பதும் அதைத்தான். போதாததற்குப் பையன் பின் பிரேக்கைப் பிடித்துச் சர்ரென்று இழுத்துக் கோடு போட்டு நிறுத்துவதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தான். புது டயர் ஒன்று வாங்கினேன். அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் காருக்கு ரெண்டு டயர் மாற்றியிருந்தேன். "புது டயர் எப்பவும் பின்னாடிதான் சார் போடணும்" என்று அங்கே அடித்துச் சொன்னார்கள். ஊர் அண்ணாச்சி பெரிதா, கம்ப்யூட்டர் வைத்து அலைன்மென்ட் பார்க்கிறவர் பெரிதா? புதுசைப் பின்னாடி மாட்டினேன். முன்னாடி அதே பழைய டயர். நடுவில் பட்டன் இருந்தது, ஓரத்துப் பட்டன்கள் மட்டும் மழுங்கிப்போயிருந்தன. "இன்னும் ஆறு மாசம் ஓடும்" என்று கணக்குப் போட்டேன்.

2019 பிப்ரவரி. மழை பார்த்து மாதக்கணக்கான காடு. இறுகிய தரை மேல் பொடி ஜல்லி தூவினாற்போல் கிடந்தது. இறக்கத்தில் ஒரு இடது வளைவு. பையன் எனக்கு முன்னால் போனான். வளைவில் சாய்ந்தான். முன் சக்கரம் சத்தமே இல்லாமல் வெளியே நழுவியது. அவ்வளவுதான். அவன் காலை ஊன்றக்கூட நேரமில்லை. இடது கையை ஊன்றி விழுந்தான்.

மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. பரீட்சை நேரம், நல்லவேளை வலது கை இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். தங்கமணி ஒரு வார்த்தை திட்டவில்லை. ராத்திரி அவன் தூங்கின பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டயரெல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு" என்றேன்.

அந்தப் பதில்தான் என்னை உட்கார்த்தி வைத்துப் படிக்கச் செய்தது. படித்ததில் எனக்கு விளங்கினது இதுதான்.

பின் டயர் வழுக்கினால் சைக்கிளின் வால் ஆடும். ஓட்டுகிறவருக்குச் சமாளிக்க நேரம் கிடைக்கும். என் பையன் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்ததே அதைத்தானே. முன் டயர் வழுக்கினால் ஹேண்டில்பார் என்ற ஒன்று இருந்தும் இல்லாத மாதிரி. திருப்புகிற வேலை முழுக்க முன் சக்கரத்துடையது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால் நிறுத்துகிற வேலையிலும் பெரும்பங்கு அதனுடையதே. சாய்ந்து வளையும்போது தரையைப் பிடிப்பது நடுப் பட்டன் அல்ல, ஓரத்துப் பட்டன். எந்தப் பட்டன் மழுங்கியிருந்ததோ அதையேதான் அவன் அந்த வளைவில் நம்பினான்.

அப்படியென்றால் கார் டயர்க்காரர் சொன்னது தப்பா? இல்லை, காருக்கு அது சரிதான். காரில் முன் சக்கரங்கள் வழுக்கினால் வண்டி நேராக இழுக்கும், வேகத்தைக் குறைத்தால் பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்புண்டு. பின் சக்கரங்கள் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், சாதாரண டிரைவரால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் காரில் நல்ல டயர் பின்னாடி. சைக்கிளில் கதை தலைகீழ், அதனால் நல்ல டயர் முன்னாடி. ரெண்டுக்கும் அடிப்படை விதி ஒன்றேதான்: எந்தப் பக்கம் வழுக்கினால் மீட்க முடியாதோ, அந்தப் பக்கம் நல்லதைப் போடு. நான் விதியை விட்டுவிட்டு விடையை மட்டும் காப்பி அடித்திருக்கிறேன்.

இத்தனை வருஷம் வங்கியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு மாதம் தவணை தள்ளிப்போகிற கடன் வேறு, மொத்தமாக மூழ்குகிற கடன் வேறு. முதலாவதைத் துரத்திப் பிடித்துவிடலாம். கல்லூரிக் காலத்தில் நான் ஓட்டினது அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸின் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வங்கியில் எஸ்.எல்.ஆர். என்றால் வேறு: டெபாசிட்டில் ஒரு பங்கை அரசுப் பத்திரம் மாதிரிப் பத்திரமான இடத்தில் ஒதுக்கி வைத்தே ஆகவேண்டும், வட்டி அதிகம் வருகிறதென்று அந்தப் பங்கையும் கடனாகக் கொடுத்துவிட முடியாது. முன் டயர் அந்த எஸ்.எல்.ஆர். சிக்கனம் காட்ட வேண்டிய இடம் பின்னாடி.

ரெண்டு சக்கரத்துக்கும் வேறு வேறு டயர் என்பது நம்ம ஊருக்குப் புதிதும் இல்லை. வயலில் டிராக்டரைப் பார்த்திருப்பீர்களே. முன் டயரில் நீளவாக்கில் வரிகள், பக்கவாட்டில் நழுவாமல் திருப்புவதற்கு. பின் டயரில் சேற்றை உதைத்துத் தள்ளும் பெரிய சாய்வுக் கட்டிகள். 1976-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலையிலிருந்து உருட்டி 'ரீபேக்' என்று பந்தயம் விட ஆரம்பித்தார்கள். மலைச் சைக்கிள் வளர்ந்தது அங்கிருந்துதான். 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் பானரேசர், முன்னுக்கு 'டார்ட்', பின்னுக்கு 'ஸ்மோக்' என்று ஜோடியாகவே விற்றது. தைவானின் மேக்ஸிஸ் கம்பெனியின் மினியன் டயர் பெயரிலேயே இது இருக்கிறது. டி.எச்.எஃப். முன்னுக்கு, டி.எச்.ஆர். பின்னுக்கு. முதலாவதில் ஓரப் பட்டன்கள் பலமானவை, ரெண்டாவதில் பிரேக் பிடிக்கவும் ஏற்றத்தில் உந்தவும் குறுக்குவாட்டுப் பட்டன்கள்.

சரி, பெங்களூருவில் ஓட்டும் நமக்கு எது? நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முன்னாடி: அகலம் கொஞ்சம் கூட, 2.3 அல்லது 2.4. ஓரப் பட்டன்கள் உயரமாக, ரப்பர் மிருதுவாக இருக்க வேண்டும். மிருதுவான ரப்பர் சீக்கிரம் தேயும்தான், ஆனால் முன்னாடி தேய்மானமே குறைவு என்பதால் கட்டுப்படியாகும்.

பின்னாடி: 2.1 அல்லது 2.25. நடுப் பட்டன்கள் தாழ்வாக, நெருக்கமாக. நம்மில் பலருக்குக் காட்டுப் பாதை நாலு கிலோமீட்டர் என்றால், வீட்டிலிருந்து அங்கே போய் வரத் தார் ரோடு இருபது கிலோமீட்டர். எடை அதிகம் அழுத்துவது பின் டயர் என்பதால் அது லேசாக உருண்டால் காலுக்கு நிம்மதி. ரப்பர் கொஞ்சம் கெட்டியாக, பக்கச்சுவர் தடியாக இருக்கட்டும், பாறைகளில் முதலில் கிழிவது அதுதான்.

காற்று: முன்னாடி எப்போதும் சில பி.எஸ்.ஐ. குறைவு. டியூப் போட்ட டயரில், என் 75 கிலோவுக்கு முன்னாடி 28, பின்னாடி 32 வைக்கிறேன். கூட வைத்தால் டயர் கல் மேல் துள்ளும். ரொம்பக் குறைத்தால் டியூப் பாறைக்கும் ரிம்முக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி ஜோடி ஓட்டை விழும். மலிவாக ஒரு கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள், கட்டைவிரலை நம்பாதீர்கள்.

மழைக்காலம்: நெருங்கின பட்டன்களில் நம்ம செம்மண் சேறு அப்பி, டயர் மண் உருண்டையாகிவிடும். பட்டன்கள் தள்ளித் தள்ளி இருக்கிற டயர் சேற்றை உதறிவிடும். ஒன்றுதான் மாற்ற முடியும் என்றால் முன்னாடி மாற்றுங்கள்.

வாங்கும் முன்: முன் ஃபோர்க்கில் பொதுவாக இடம் தாராளமாக இருக்கும், பின்னாடி சட்டத்தில் இடுக்கு. அளந்து பார்த்து வாங்குங்கள். பக்கச்சுவரில் இருக்கும் அம்புக்குறி பார்த்து மாட்டுங்கள். தார் ரோட்டை விட்டே இறங்காதவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம், ரெண்டும் வழவழப்பான டயராகப் போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம்.

அப்புறம், பின் டயர் தேய்ந்தால்? முன் டயர் இன்னும் நன்றாக இருக்கும்போதே அதைக் கழற்றிப் பின்னாடி போடுங்கள். புதுசை முன்னாடி போடுங்கள். ஆமாம், அண்ணாச்சி முறைதான். அவர் கூலிக்காகச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. கடை இப்போது இல்லை, போய்ச் சொல்ல ஆளும் இல்லை.

கட்டுப் பிரித்த வாரமே பையனின் சைக்கிளுக்கு நல்லதாக ஒரு முன் டயர் வாங்கி மாட்டினேன். மாட்டும்போது அவனிடம் உண்மையைச் சொன்னேன். "நீ வளைவைத் தப்பா எடுக்கலடா, நான் டயரைத் தப்பா மாட்டிட்டேன்." அவன், "பரவாயில்லப்பா, அன்னிக்கு வேகமாவும்தான் போனேன்" என்றான். தங்கமணியிடமும் சொல்லியாயிற்று. "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

இப்போது அவன் வெளியூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறான். போன விடுமுறைக்கு வந்தவன், சனிக்கிழமை சாயங்காலம் பால்கனியில் என் சைக்கிளைத் திருப்பிப் போட்டு முன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். விரலால் ஓரப் பட்டனைத் தடவிப் பார்த்தான்.

"அப்பா, இது எப்ப மாத்தினது?"

"அது இன்னும் ஆறு மாசம் ஓடும்டா."

ஒன்றும் பேசவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போனவன், அரை மணி நேரத்தில் புது டயரோடு வந்து நின்றான். காசு கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை. முன்னாடி இருந்ததைக் கழற்றிப் பின்னாடி போட்டான். புதுசை முன்னாடி மாட்டினான், அம்புக்குறி பார்த்து.