அலை ஏறும்வரை

அம்மாவின் கையில் 27 என்று அச்சடித்த ஸ்டிக்கர். கப்பலின் நாடக அரங்கில் காலை ஏழரை மணியிலிருந்து உட்கார்ந்திருந்தோம். மணி பத்தைத் தாண்டியபோதுதான் மேடையில் நின்ற பெண் ஒன்பதாம் எண்ணைக் கூப்பிட்டாள்.

“டெண்டர் டெண்டர்ங்காங்களே, எதுக்குட்டி டெண்டர் விடுதாங்க?” என்று அம்மா கேட்டாள். அப்பா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் இருந்தவர். அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். துறையில் அணைய முடியாத பெரிய கப்பலிலிருந்து கரைக்கு ஆட்களைக் கொண்டுபோகும் சின்னப் படகுக்கும் அதே பெயர் என்று சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அப்பம் லாஞ்சுன்னு சொல்லேன்” என்றாள்.

தூத்துக்குடிக்காரிக்கு அது புதிதல்ல. அவளுடைய அப்பா, என் தாத்தா, கொழும்பில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கெழுதியவர். அந்தக் காலத்தில் தூத்துக்குடிக் கரையோரம் ஆழம் கிடையாது. கப்பல் சில மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். ஆட்கள் லாஞ்சில் போய் ஏறவேண்டும், சரக்கு தோணியில் போகும். பெரிய கப்பல் நேராக வந்து அணையும் துறைமுகம் 1974இல்தான் வந்தது. காற்று வலுத்த நாளில் கடற்பாலத்தில் பெட்டியோடு பகல் முழுக்கக் காத்துக் கிடந்ததைத் தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் அம்மா. அரங்கிலிருந்த ஆயிரம் பேரில் நிதானமாக இருந்தவள் அவள்தான். எனக்குத்தான் பதற்றம்.

நாங்கள் நின்றது கிரேக்க நாட்டின் சான்டொரினித் தீவுக்கு முன்னால். அந்தத் தீவுக்காகவே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தேன். சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் ஒரு எரிமலை வெடித்து, நடுப்பகுதி இடிந்து உள்ளே விழுந்து, அந்தப் பள்ளத்தைக் கடல் நிரப்பியிருக்கிறது. மிஞ்சிய விளிம்புதான் பிறை போன்ற இந்தத் தீவு. கப்பல் நிற்பது எரிமலையின் வாய்க்குள். கரைக்கு மிக அருகிலேயே கடல் கிடுகிடுவென்று ஆழமாகிவிடுகிறது. சில இடங்களில் 400 மீட்டரை நெருங்கும் ஆழம். பெரும்பாலான கப்பல்கள் நங்கூரம் பிடிக்காமல், எஞ்சினை ஓடவிட்டே ஓரிடத்தில் நிற்கின்றன. பெரிய கப்பல் அணைய மேடையும் இல்லை, செங்குத்தான பாறை நேரே தண்ணீருக்குள் இறங்குகிறது. அந்தப் பாறையின் தலையில் ஃபிரா என்ற ஊர். காலையில் மேல்தளத்திலிருந்து முதலில் பார்த்தபோது அம்மா, “உச்சியில உப்பு அம்பாரம் கொட்டி வெச்ச மாதிரில்லா இருக்கு” என்றாள். வெள்ளை வீடுகளை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

பதினொரு மணிக்குள் கரையில் இருப்போம், ஓயா கிராமத்துக்குப் பேருந்தில் போவோம், மாலை ஐந்தரைக்குள் திரும்புவோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு ஒன்பதாம் எண்ணிலேயே உடைந்துபோனது.

கூப்பிடும் வரிசைக்கும் ஒரு ஒழுங்கு உண்டு. கப்பல்காரர்களிடமே சுற்றுலா வாங்கியவர்கள் முதலில். விலை கூடிய அறைக்காரர்கள், பலமுறை வந்த வாடிக்கையாளர்கள் அடுத்து. மற்றவர்களுக்கு எண். எங்களுக்கு நாலு நாற்காலி தள்ளி ஒரு பெரியவர், ஊன்றுகோலும் மடியில் மாத்திரை டப்பாவுமாக உட்கார்ந்திருந்தார். அவருக்கு 31. அவரைத் தாண்டி இருபது வயதுப் பையன்கள் சிரித்துக்கொண்டே இறங்கிப்போனார்கள். காசு கொடுத்தவருக்கு முன்னுரிமை என்பது வியாபாரம், புரிகிறது. ஆனால் காத்திருப்பது எல்லா உடம்புக்கும் ஒன்றல்ல. வயதையும் முழங்காலையும் பார்த்து எண் கொடுப்பதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் நியாயமான பகுதி இதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொரு கோபமும் இருந்தது. “இன்னும் கொஞ்ச நேரத்தில்” என்று ஒலிபெருக்கி நாலு முறை சொன்னது. நாலாவது முறை பின்வரிசையில் ஒருவர் எழுந்து கத்தினார். அதன்பிறகுதான் வெள்ளைச் சீருடையில் ஒரு அதிகாரி மேடைக்கு வந்தார். வடக்குக் காற்று எதிர்பார்த்ததைவிடப் பலமாக இருக்கிறது. இன்னும் மூன்று கப்பல்கள் நிற்கின்றன, எல்லோரும் இறங்குவது அதே சின்ன படித்துறையில். இந்தத் தீவில் ஆட்களைக் கரை சேர்ப்பது உள்ளூர்ப் படகுக்காரர்கள், கப்பலின் சொந்தப் படகுகள் அல்ல. அவர்களிடம் இருக்கும் படகுகள் இவ்வளவுதான். உங்களில் கடைசி எண்காரர்கள் இறங்க மதியம் ஒரு மணி ஆகலாம், காற்று இன்னும் ஏறினால் இறங்காமலும் போகலாம் என்றார். கெட்ட சேதிதான். ஆனால் அரங்கு அடங்கிவிட்டது. சிலர் அறைக்குப் போனார்கள், சிலர் சாப்பிடப் போனார்கள். ஏழரை மணிக்கே இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் மூன்று மணி நேரம் படுத்திருப்பார்.

காற்று பொய்யில்லை. வெயில் காலம் முழுக்க ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் அதற்கு மெல்டெமி என்று பெயர். வானத்தில் ஒரு மேகம் இருக்காது, ஆனால் கடல் கொதிக்கும். நாங்கள் போனது செப்டம்பரில், அது ஓயும் காலம், இருந்தும் விடவில்லை. மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வாடைதான்” என்றாள். பெயர் என்னவானாலும் அவளுக்கு வடக்கிலிருந்து வருவது வாடை.

2007 ஏப்ரலில் இதே எரிமலை வாய்க்குள் ‘ஸீ டயமண்ட்’ என்ற பயணிகள் கப்பல் பாறையில் மோதி மறுநாள் மூழ்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் படகுகளில் இறக்கினார்கள். இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. கரை கைக்கெட்டும் தூரத்தில் தெரிவதால் இந்தத் தண்ணீர் சாதுவென்று எண்ணிவிடக் கூடாது.

எங்கள் எண் பதினொன்றே முக்காலுக்கு வந்தது. லிஃப்டில் கீழே, இன்னும் கீழே. கப்பலின் விலாவில் ஒரு இரும்புக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். டீசலும் உப்பும் கலந்த வாடை. கதவுக்கு வெளியே ஒரு சின்ன மேடை, அதையொட்டிப் படகு. மேடை அசையவில்லை. படகு ஒரு முழம் ஏறுகிறது, ஒரு முழம் இறங்குகிறது. ஏறும்போது இரண்டும் ஒரே மட்டம். இறங்கும்போது நடுவில் ஒரு சந்து வாய் திறக்கிறது, அடியில் கருநீலத் தண்ணீர்.

மேடையில் இரண்டு மாலுமிகள். முன்னால் நின்றவன் இருபத்தைந்து வயதுப் பையன், உயரம் குறைவு, கழுத்தில் வெயில் பட்டுத் தோலுரிந்திருந்தது. அவன் யாருடைய உள்ளங்கையையும் பிடிக்கவில்லை. முழங்கைக்குக் கீழே, தன் விரல்கள் சுற்றி வரும்படி பிடித்தான். நம் விரல்களும் அவன் கையை அதே இடத்தில் பற்றிக்கொள்ள வேண்டும். அப்படிப் பிடித்தால் ஒரு கை வழுக்கினாலும் இன்னொன்று விடாது. எங்கள் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. அவன் கண் படகின் விளிம்பிலேயே இருந்தது.

அம்மாவின் வலது முழங்கால் மடங்காது. அதை அவள் வாயால் சொல்லவில்லை. அவள் எடுத்துவைத்த முதல் அடியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. “வெயிட்” என்றான். ஒரு அலை ஏறி இறங்கியது. “வெயிட்.” இன்னொன்று. எங்களுக்குப் பின்னால் மாடிப்படிவரை வரிசை, யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவன் திரும்பவில்லை. மூன்றாவது அலையில் படகு மேலே வந்து, விழுவதற்கு முன் ஒரு கணம் நின்றது. “நௌ!” அம்மா படகுக்குள் இருந்தாள்.

படகில் உட்கார்ந்ததும் அந்தப் பத்து நொடியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கப்பலில் 2,000 பேர். ஆளுக்குப் பத்து நொடி என்றால் ஐந்தரை மணி நேரம் ஆகிறது. இரண்டு கதவு திறந்தாலும் அதில் பாதி. மேலே அரங்கில் நான் திட்டிக்கொண்டிருந்த தாமதத்தில் பெரும்பகுதி இந்தப் பையன் ஒவ்வொருவருக்காகவும் விட்டுக்கொடுத்த அலைகள்தான். எனக்கு முன்னால் போன எண்களில் எத்தனை முழங்கால்களுக்கு அவன் “வெயிட்” சொன்னானோ.

கரையில் இறங்கினால் அடுத்த காத்திருப்பு. படித்துறையிலிருந்து ஊருக்கு மூன்று வழி. பாறையைச் செதுக்கிய 580க்கும் மேற்பட்ட படிகள், அதே படிகளில் ஏறும் கோவேறு கழுதைகள், இல்லையென்றால் கேபிள் கார் என்கிற கம்பி வண்டி. “அதுவும் பாவம், நானும் பாவம்” என்று கழுதையை அம்மா மறுத்துவிட்டாள். கம்பி வண்டி ஒரு தடவைக்கு ஆறு பெட்டி, பெட்டிக்கு ஆறு பேர், ஆக 36 பேரைத்தான் மேலே கொண்டுபோகும். கீழே நூற்றுக்கணக்கில் ஆட்கள். 2024 ஜூலையில் ஒரே நாளில் 11,000 அளவில் கப்பல் பயணிகள் வந்திறங்கி ஊரே திணறியது. 2025இலிருந்து நாளுக்கு 8,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதே 2025 ஜூலையிலிருந்து கப்பலில் வருபவர்களிடம் சுற்றுலா மும்முரக் காலத்தில் தலைக்கு 20 யூரோ கட்டணமும் உண்டு. வரம்பு நல்லதென்றே எனக்குப் படுகிறது. அந்த வரிசையில் நிற்பவர்களுக்கும் நல்லது, கதவைத் திறந்தால் கூட்டத்தின் முதுகைப் பார்க்கும் ஊர்க்காரர்களுக்கும் நல்லது.

மேலே எங்களுக்குக் கிடைத்தது ஒன்றேகால் மணி நேரம். ஓயா கிடையாது. தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு தாழ்ந்த சுவரில் உட்கார்ந்து, காலையில் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றோம். எங்கள் கப்பல் கீழே தீப்பெட்டி அளவில் நின்றது. அதற்கும் படித்துறைக்கும் நடுவே படகுகள் வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு போய்வந்தன. அம்மா தீவைவிட அந்தப் படகுகளைத்தான் அதிகம் பார்த்தாள். மூன்று மணிக்கே கிளம்பிவிட்டோம். இறங்கும் வரிசை ஏறும் வரிசையைவிட நீளமாக இருக்கும் என்று கப்பலில் ஒரு பணிப்பெண் எச்சரித்திருந்தாள். நகைக்கடைச் சந்துகளில் வளைந்து வளைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். தாமதம் கப்பலின் ஏற்பாட்டால் என்றால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் பிந்தினால் அது கிளம்பிவிடும், அடுத்த துறைக்கு நம் செலவில் போய்ச் சேரவேண்டும். முன்னால் நின்ற ஒரு தம்பதி பொறுமையிழந்து படிகளில் ஓடினார்கள். சாணம் அப்பிய வழவழப்பான கற்கள். அவர்கள் தலை மறையும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

திரும்பும் படகில் காற்று காலையைவிட அதிகம். கப்பலின் நிழலுக்குள் வந்ததும் கொஞ்சம் அடங்கியது. இரும்புக் கதவு, மேடை, அதே பையன். காலையிலிருந்து அவன் அங்கேதான் நின்றிருக்கவேண்டும், சட்டை முதுகில் உப்பு பூத்திருந்தது. அம்மா எழுந்து விளிம்புக்குப் போனாள். அவன் கை நீட்டுவதற்கு முன்பே தன் கையை நீட்டி, உள்ளங்கையை விட்டு, முழங்கைக்குக் கீழே பற்றிக்கொண்டாள். அவனும் பற்றினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, நடுவிலிருந்த சந்தைத்தான் பார்த்தார்கள். ஒரு அலை போனது. அம்மாவின் உதடு அசைந்தது. இரண்டாவதும் போனது.

“இப்பம்” என்றாள் அம்மா. அவன் “நௌ” என்றதும் அதே கணத்தில்தான்.