தாமிரபரணிக் கரையின் ஆட்டங்கள்

நடராசர் ஆடியதாகச் சொல்லப்படும் ஐந்து சபைகளில் இரண்டு தாமிரபரணி வட்டாரத்தில் இருக்கின்றன: திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலின் தாமிர சபை, குற்றாலத்தின் சித்திர சபை. சாமியே ஆடும் சீமையில் மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. பாளையங்கோட்டைக்காரர் ஒருவர் வெளியூர் போகாமலே ஓராண்டில் பலவகை ஆட்டங்களைப் பார்த்துவிடலாம். கோயில் கொடை விழாக்களில் கணியான் கூத்தும் கரகமும், தைப்பூச நாட்களில் திருச்செந்தூர்ச் சாலையில் காவடியும், புரட்டாசியில் அம்மன் சப்பரங்கள் எருமைக்கிடா மைதானத்தில் கூடும் தசராவும், பள்ளி ஆண்டுவிழாவில் பரதமும் ஒயிலும் அவர் கண்ணில் படும். ஆடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொண்டு இவற்றை வகைப்படுத்தலாம். சிலர் தெய்வத்தின் முன் ஆடுகிறார்கள். சிலர் வரிசையில், சிலர் வட்டத்தில், சிலர் மேடையில்.

தெய்வத்தின் முன் நிகழ்வதில் இந்த மண்ணுக்கே உரியது கணியான் கூத்து. சுடலைமாடன் கொடையில் அண்ணாவி கதை பாடுவார்; பின்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவார்; பெண்வேடமிட்ட ஆண்கள் இருவர் சலங்கை கட்டி ஆடுவார்கள். ஆட்டத்தை நடத்துபவை இரண்டு மகுடங்கள். வட்டமான மரச்சட்டத்தில் தோலை இழுத்து ஒட்டிய இந்தக் கருவியை மார்போடு அணைத்துக் கைவிரல்களால் அடிப்பார்கள். ஒன்றுக்கு உச்சம் என்றும் மற்றதற்கு மந்தம் என்றும் பெயர். நெருப்பில் காய்ச்சினால் தோல் இறுகி ஓசை ஏறும். ஈரம் பட்டால் இறங்கும். அதனால் கூத்து நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிறு தீ எரிந்துகொண்டிருக்கும். நள்ளிரவில் மகுட அடி வேகமெடுக்க, சாமியாடியான கோமரத்தாடிக்கு அருள் வரும். சல்லடமும் கச்சையும் கட்டி, வல்லயமும் தீப்பந்தமும் ஏந்தி ஆடுகிறவரை அந்நேரம் ஊர் பெயர்சொல்லி அழைக்காது. பகலெல்லாம் வயலில் நின்றவரிடம் இரவில் ஊரே கைகட்டிக் குறி கேட்கும்.

கரகம் தனியாள் திறமை. கோயிலுக்கு நேர்ந்து எடுத்துவரும் சக்திக் கரகம் வேறு. தொழிலாக ஆடும் ஆட்டக் கரகம் வேறு. பின்னதில் அலங்கரித்த செம்பின் உச்சியில் கிளிப்பொம்மை இருக்கும். எடை நிற்பதற்காக உள்ளே அரிசியோ மணலோ போடுவார்கள். நையாண்டி மேளத்தின் தவிலும் பம்பையும் முடுக்க முடுக்கக் காலும் இடுப்பும் துள்ளும். கழுத்துக்கு மேலே ஓர் அசைவும் இருக்காது. கைபடாமல் செம்பைத் தலையில் வைத்தபடியே பின்னால் வளைந்து, தரையில் கிடக்கும் ஊசியைக் கண்ணிமையால் எடுப்பதும் உண்டு. முதுகும் கழுத்தும் முழங்காலும் பல ஆண்டுகள் ஒருங்கே பழகினால்தான் இது கைகூடும்.

பயிற்சியே இல்லாதவர்கள் ஆடும் இடமும் உண்டு. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதமிருப்பவர்கள் காளி, குறவன், குரங்கு என்று வேடம் கட்டி, ஊர் ஊராக ஆடிக் காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்ப்பார்கள். மற்ற நாளில் நாலு பேர் முன்னால் கையை வீசி நடக்கவே கூச்சப்படுகிறவர்கூட வேடம் கட்டிவிட்டால் தெருவின் நடுவில் ஆடுவார். கூச்சத்தை வேடம் வாங்கிக்கொள்கிறது.

வரிசை ஆட்டங்களில் முதலில் நிற்பது ஒயிலாட்டம். தலைப்பாகையும் காலில் சலங்கையும் கையில் வண்ணத் துணியுமாக நின்று, மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவார்கள். தேவராட்டம் ராஜகம்பள நாயக்கர்களுடையது. கட்டபொம்மனும், 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவர் தம்பி ஊமைத்துரையும் பிறந்த சமூகம் அது. இதில் பாட்டுக் கிடையாது. உறுமியை ஒத்த தேவதுந்துபியின் அடி மாறினால் ஆட்டக்காரர் அத்தனை பேரின் அடவும் மாறும். வரிசையில் ஒருவர் பிந்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், பக்கத்தில் இருப்பவரைக் கடைக்கண்ணால் பார்த்தபடியே ஆட வேண்டும்.

வட்டத்தில் நிற்பவை கும்மியும் கோலாட்டமும். தீபாவளியை அடுத்த நாட்களில் ஆற்றங்கரை அக்ரகாரங்களில் களிமண் பசுவும் கன்றும் வைத்துச் சிறுமிகள் கோலாட்டம் ஆடும் வழக்கம் இருந்தது. இதில் நுட்பமானது பின்னல் கோலாட்டம். உயரத்தில் கட்டிய கயிறுகளின் நுனியை ஆளுக்கொன்றாகப் பிடித்து, பாதிப்பேர் வலமாகவும் மீதிப்பேர் இடமாகவும் சுற்றுவார்கள். எதிரே வருபவரை ஒருமுறை உள்ளாகவும் அடுத்தவரை வெளியாகவும் கடக்கக் கடக்க, கயிறு சடையாகப் பின்னிக்கொள்ளும். பிறகு அதே அடவுகளைத் திருப்பி ஆடினால் பின்னல் அவிழும். யாராவது ஒருவர் ஒரு சுற்றில் தவறியிருந்தாலும் அவிழ்க்கும்போது சிக்கல் விழும்.

மேடை ஆட்டத்தின் வரலாற்றிலும் இந்தக் கரைக்குப் பங்கு உண்டு. கல்லிடைக்குறிச்சியில் 1897-இல் பிறந்த ஈ. கிருஷ்ண ஐயர் தொழிலால் வக்கீல். தேவதாசி முறையோடு சேர்த்து, தேவதாசிகள் ஆடிவந்த சதிர் ஆட்டத்தையும் ஒழிக்க வேண்டும் என்ற குரல் ஓங்கியிருந்த காலத்தில், அவர் மெலட்டூர் நடேச ஐயரிடம் சதிர் கற்று, பெண்வேடமிட்டு மேடையேறினார். சென்னை மியூசிக் அகாதெமியில் 1931-இல் சதிர் மரபில் வந்த கல்யாணியின் மகள்களை ஆடவைத்ததிலும், சதிருக்குப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைபெற்றதிலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் புதிய மேடை அமைந்தபோது, தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த பல குடும்பங்களுக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை ருக்மிணி தேவி 1944-இல் தாம் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் நாட்டிய நாடகமாக்கினார். பொதிகைச் சாரலின் குறத்தி அப்படித்தான் சென்னைக்குப் போனாள்.

ஆடுவதன் பலனுக்கு இன்று அறிவியலும் சாட்சி சொல்கிறது. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்க ஆடும் கும்மியும் ஒயிலும் அந்தக் கணக்கில் சேரும். தரையில் ஊன்றி எடுக்கும் அடிகள் கால் எலும்புக்கும் தசைக்கும் வலுவூட்டும். திரும்பித் திரும்பி நிலைநிறுத்திக்கொள்ளும் பழக்கம் முதுமையில் தடுக்கி விழாமல் காக்க உதவும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயது கடந்த 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. உடல்சார்ந்த பொழுதுபோக்குகளில் நடனம் ஒன்றுதான் மறதிநோய் வரும் வாய்ப்புக் குறைவதோடு தொடர்புடையதாக அதில் தெரிந்தது. நடனம்தான் நோயைத் தடுத்தது என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. என்றாலும் அடவை நினைவில் வைப்பது, தாளத்தைக் கேட்பது, எதிரில் வருபவரைக் கவனிப்பது ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் மூளைக்கு வேலையாகின்றன. பிரேசில் பள்ளி மாணவர்களைக் கொண்டு ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் செய்த சோதனை 2015-இல் வந்தது. ஒரே அசைவை ஒருசேர ஆடியவர்களுக்கு வலி தாங்கும் அளவும் ஒருவர்மேல் ஒருவருக்கான நெருக்கமும் கூடின. வரிசை ஆட்டக்காரர்களும் கும்மிப் பெண்களும் அனுபவத்தில் அறிந்ததுதான் இது. தனியாக ஆடுவது திறமையை வளர்க்கும். சேர்ந்து ஆடுவது உறவையும் சேர்த்து வளர்க்கும்.

கற்க விரும்புவோருக்கு வழியும் உண்டு. திருநெல்வேலி மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதம் மூன்றாண்டுப் படிப்பு. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இவ்வட்டாரக் கலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்திருக்கிறது. வயதுக்கு ஏற்பத் தேர்ந்துகொள்வது நல்லது. குழந்தைகளுக்குக் கோலாட்டம் கணக்கையும் கவனத்தையும் பழக்கும். இளைஞருக்கு ஒயிலும் தேவராட்டமும் மூச்சை வளர்க்கும். முழங்கால் வலி உள்ள முதியவர் அதிகம் குனியாமல், குதிக்காமல் கும்மி அடிக்கலாம். சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நெடுநேரம் குதிப்பது யாருக்கும் ஆகாது. மண்தரையோ மரத்தளமோ நல்லது. கும்மிக்கு மேடையும் கருவியும் உடையலங்காரமும் வேண்டாம். பாட்டெடுக்க ஒருவரும் கைகொட்டச் சிலரும் இருந்தால் தெருமுனையிலேயே தொடங்கிவிடலாம்.